விண்வீழ் கற்களும் கண்டார் சான்றும்: கி.பி. 1492 முதல் 1803 வரை

முன்னுரை

வானிலிருந்து கல் விழும் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. ஆயின் கி.பி. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பிய அறிவுலகம் இதனை ஏற்க மறுத்தது. கல் விழக் கண்டவர்கள் இருந்தனர். அவர்கள் கண்டதைச் சொல்லவும் செய்தனர். சொன்னவை எழுதியும் வைக்கப்பெற்றன. எனினும் அச்சான்றுகள் அறிவுச் சான்றுகளாக மதிக்கப்பெறவில்லை. கண்டவர் பெரும்பாலும் உழவர், இடையர், காவலர், சிறுவர் ஆகியோராக இருந்தமையும், அவர்தம் கூற்றில் தெய்வமும் நிமித்தமும் கலந்திருந்தமையும் இம்மறுப்பிற்குரிய காரணங்களுள் முதன்மையானவை.

கி.பி. 1492இல் என்சிஸ்ஹைமில் விழுந்த கல் தொடங்கி 1803இல் லேகில் நகரருகே விழுந்த கற்கள் ஈறாக உள்ள பதிவுகளுள் குறிப்பிடத்தக்க சிலவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. இவற்றுள் ஜலந்தர் (1621), காசி (1798) ஆகிய இரண்டு இந்திய நிகழ்வுகள் விரிவாக நோக்கப்பெறுகின்றன. ஒரு நிகழ்வைக் கண்டவர் யார், அதனை எழுதியவர் யார், எழுத்தில் எது நின்றது, எது விடுபட்டது என்னும் வினாக்கள் இக்கட்டுரைக்கு அடிப்படையாக அமைகின்றன.

சொல்லும் மரபும்

விண்வெளியிலிருந்து வரும் பொருள் வளிமண்டலத்துள் பெருவேகத்துடன் புகும்போது ஒளி தோன்றுகின்றது. அவ்வொளி எரிமீன் எனப்படும். மிகுதியான ஒளியுடன் தோன்றுவதைத் தீக்கோளம் என்பர். எரியாது எஞ்சி நிலத்தை அடையும் துண்டு விண்கல் ஆகும். இம்மூன்றும் ஒரே நிகழ்வின் படிகள் என்னும் தெளிவு மிகப் பிற்காலத்தது. எரிமீனைக் காற்று மண்டலத்து ஆவியின் எரிவாக அரிஸ்டாட்டில் கொண்டார். அக்கருத்தே ஐரோப்பாவில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆட்சி செலுத்தியது. தீக்கோளம் ஒரு துறைக்கும் நிலத்தில் கிடந்த கல் வேறொரு துறைக்கும் உரியனவாகப் பிரிந்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இந்திய மரபில் வராகமிகிரரின் பிருகத் சம்கிதை உற்கத்திற்கெனத் தனி இயல் வகுத்து, வானிலிருந்து வீழ்வனவற்றைத் திஷ்ண்யம், உல்கை, அசனி, வித்யுத், தாரை என ஐவகைப்படுத்துகின்றது. இவ்வகைப்பாடு நிமித்தப் பலன் கூறுதற்பொருட்டு எழுந்தது. எனினும் வடிவம், ஒலி, இயக்கம், விழுமிடம் ஆகியவற்றை வேறுபடுத்தி நோக்கிய பார்வை அதனுள் உண்டு.

தமிழில் புறநானூற்றின் 229ஆம் பாடல் இவ்வகையில் எண்ணத்தக்கது. கூடலூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பற்றிப் பாடிய இப்பாடலில், பங்குனித் திங்களில் நள்ளிரவில் ஒரு மீன் வீழக் கண்ட செய்தி இடம்பெறுகின்றது. அதனை மன்னனுக்கு நேரவிருக்கும் கேட்டின் குறியாகப் புலவர் கொண்டார். மன்னன் ஏழாம் நாள் இறந்தான். பாடல் கையறுநிலைத் துறையைச் சார்ந்தது. ஆயினும் மீன் வீழ்ந்ததைச் சொல்லுமுன் திங்கள், பொழுது, அவ்வேளையில் எந்தெந்த விண்மீன்கள் எந்நிலையில் நின்றன என்பனவற்றைப் புலவர் நிரல்படக் கூறுகின்றார். நிமித்த நம்பிக்கை உற்றுநோக்கலைத் தடுக்கவில்லை. அதனைத் தூண்டவே செய்துள்ளது. மூன்று நூற்றாண்டுக் காலப் பதிவுகளைப் படிக்கும்போது மனங்கொள்ள வேண்டிய உண்மை இது.

என்சிஸ்ஹைம், 1492

1492 நவம்பர் 7ஆம் நாள் நண்பகலுக்குச் சற்று முன்னர், அல்சாஸ் பகுதியைச் சார்ந்த என்சிஸ்ஹைம் நகர்ப்புறத்தில் பேரிடி போன்ற ஓசை எழுந்தது. ஓசையை நெடுந்தொலைவில் இருந்தோரும் கேட்டனர். கல் கோதுமை வயலில் விழுந்ததைக் கண்டவன் ஒரு சிறுவன் மட்டுமே. அவன் காட்டிய இடத்தில் ஏறத்தாழ 127 கிலோ எடையுள்ள கல் ஒன்று குழியினுள் கிடந்தது. மக்கள் அதனை உடைத்துத் துண்டுகளை எடுத்துச் செல்லத் தொடங்கவே, நகர ஆட்சியர் தடுத்து நிறுத்தினார்.

ஏறத்தாழ மூன்று கிழமைகளுக்குப் பின்னர், பிரெஞ்சு அரசனோடு பகை கொண்டிருந்த மாக்சிமிலியன் அவ்வழியே வந்தார். கல்லைப் பார்வையிட்டு, இது தமக்கு இறைவன் காட்டிய நற்குறி என அறிவித்தார். தமக்கொரு துண்டு எடுத்துக்கொண்டபின் எஞ்சியதைக் கோயிலில் வைத்துக் காக்க ஆணையிட்டார். பேசல் நகரில் இருந்த கவிஞர் செபாஸ்டியன் பிராண்ட், அதே ஆண்டில் இலத்தீன், செருமன் ஆகிய இரு மொழிகளிலும் செய்யுள் இயற்றி மரச்செதுக்குப் படத்துடன் ஒற்றைத் தாளாக அச்சிட்டு வெளியிட்டார். அச்செய்யுளும் கல்லை மாக்சிமிலியனின் பகைவர்க்குத் தீக்குறியாகவே காட்டுகின்றது.

இப்பதிவின் இருமை கருதத்தக்கது. அரசியல் நோக்கமே இச்செய்தியைப் பரப்பியது. நிமித்தமென்று கருதியமையாலேயே கல் கோயிலில் காக்கப்பெற்றது. நாள், பொழுது, இடம், ஓசை கேட்ட எல்லை, கல்லின் வடிவு ஆகியன அதே செய்யுளிலும் உடன்காலக் குறிப்புகளிலும் நின்றன. கல்லில் பாதிக்கும் குறைவான பகுதி இன்றும் என்சிஸ்ஹைமில் உள்ளது. அது விண்கல்லே என்பதில் ஐயமில்லை. பயன் கருதி எழுந்த இலக்கியமாயினும், அதிலுள்ள நிகழ்ச்சிக் குறிப்பு பொய்யாகிவிடவில்லை.

ஜலந்தர், 1621

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் பாரசீக மொழியில் எழுதிய தன்வரலாறான துசுக்-இ-ஜஹாங்கீரி, 1621 ஏப்ரல் 10ஆம் நாள் நிகழ்வொன்றைக் கூறுகின்றது. ஜலந்தர் பர்கானாவைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் விடியற்பொழுதில் கிழக்குத் திசையிலிருந்து அச்சந்தரும் பேரோசை எழுந்தது. அதனிடையே ஒளிமிக்க பொருளொன்று மேலிருந்து நிலத்தில் விழுந்தது. வானத்திலிருந்து நெருப்பு விழுகின்றது என ஊரார் கருதினர். ஓசை அடங்கியபின் அவர்கள் பர்கானாவின் வரி அலுவலரான ஆமில் முகம்மது சயீதுக்கு விரைந்து ஆளனுப்பினர். அவர் உடனே குதிரையேறி வந்து இடத்தைத் தாமே பார்வையிட்டார். பத்துப் பன்னிரண்டு கச அளவு நிலத்தில் புல்லும் பசுமையும் எரிந்து போயிருந்தன. தோண்டச் செய்தபோது, ஆழம் செல்லச் செல்ல வெப்பம் மிகுந்ததாகவும், இறுதியில் உலையிலிருந்து எடுத்தாற்போன்ற இரும்புத் துண்டு வெளிப்பட்டதாகவும் நூல் கூறுகின்றது. அது ஆறியபின் பையிலிட்டு முத்திரை வைத்து அரசவைக்கு அனுப்பப்பெற்றது.

அவையில் நிகழ்ந்தவை மேலும் குறிப்பிடத்தக்கன. பேரரசர் தம் முன்னிலையில் அதனை நிறுக்கச் செய்தார். எடை 160 தோலா, அதாவது ஏறத்தாழ 2 கிலோ இருந்தது. வாள், குத்துவாள், கத்தி ஆகியவற்றை அதிலிருந்து செய்துதருமாறு உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லர்க்கு ஆணை பிறந்தது. அவ்விரும்பு சம்மட்டிக்கு நில்லாது பொடிந்துபோவதாக அவர் தெரிவித்தார். அவ்வாறாயின் வேறு இரும்பைக் கலக்குக எனப் பேரரசர் கூற, மூன்று பங்கு 'மின்னல் இரும்பு', ஒரு பங்கு பிற இரும்பு எனச் சேர்த்து இரண்டு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் வடிக்கப்பெற்றன. அவை வளைத்தால் வளைந்து மீண்டும் நிமிர்ந்தன. அரசர் முன்னிலையில் வெட்டிப் பார்க்கப்பெற்றன. வாள்களுக்குப் பெயர் சூட்டப்பெற்றது. பேபதல்கான் என்னும் புலவர் எழுத்தெண்ணிக்கையில் ஆண்டு பெறப்படும்படி நாலடிச் செய்யுள் ஒன்று பாடினார். அது ஹிஜ்ரி 1030ஐச் சுட்டும். அக்கத்தி எனக் கருதப்பெறும் படைக்கலம் இன்று வாஷிங்டன் நகரின் பிரீர் கலைக்கூடத்தில் உள்ளது.

இப்பதிவில் நிமித்தப் பலன் தலைதூக்கவில்லை. வியப்புச் செய்தி என்னும் தலைப்பின்கீழ் அது வரினும், நடையில் அலுவலக ஆவணத்தின் ஒழுங்கு காணப்படுகின்றது. ஊரார் கண்டது, அலுவலர் நேரிற் பார்த்தது, தோண்டியது, முத்திரையிட்டது, நிறுத்தது, உருக்கியது, சோதித்தது என ஒவ்வொரு படியும் செய்தவர் இன்னார் என்னும் குறிப்புடன் அமைகின்றது. பொருள் கைமாறிய வழி அறுபடவில்லை. அதே காலத்து ஐரோப்பியப் பதிவுகள் பலவற்றில் இத்தகைய தொடர்ச்சி அரிது.

எனினும் இதனை முழுமையாக ஏற்பதற்கும் இடமில்லை. சிறு விண்கற்கள் வளிமண்டலத்தின் கீழ்ப்பகுதியில் வேகம் குறைந்து, வெப்பமேறிய புறப்பரப்பை முன்னரே இழந்து விழுவதால், உலையிரும்பு போன்ற வெப்பத்துடன் நிலத்தை அடைவதில்லை என்பது இன்றைய அறிவியலார் கருத்து. 2 கிலோ அளவினதான துண்டு பத்துப் பன்னிரண்டு கசம் நிலத்தை எரித்தது என்பது மிகையாகலாம். நெருப்பு விழுந்தது எனக் கண்டவர்கள், விழுந்த பொருளும் நெருப்பாகவே இருந்திருக்கும் என எதிர்பார்த்தமை இக்கூற்றுக்கு வழிசெய்திருக்கலாம். ஒளி, ஓசை, வீழ்ச்சி, இரும்பு, எடை, கொல்லரின் பட்டறிவு ஆகியன வலுவான பகுதிகள். வெப்பம் குறித்த செய்தி வலுவற்ற பகுதி. ஒரே பத்தியினுள் இரண்டும் அமைந்துள்ளன.

தீக்கோளங்களும் கணக்கீடும்

18ஆம் நூற்றாண்டில் தீக்கோளங்கள் கணக்கீட்டிற்கு உட்பட்டன. 1719 மார்ச்சில் இங்கிலாந்தில் தோன்றிய பெருந்தீக்கோளத்தைப் பல ஊர்களிலிருந்து கண்டோர் தந்த செய்திகளைத் தொகுத்து, அது 60 மைலுக்கும் மேற்பட்ட உயரத்தில் சென்றதென எட்மண்டு ஹேலி கணித்தார். 1783 ஆகஸ்டு 18ஆம் நாள் இரவு பிரிட்டனின் வடகோடியிலிருந்து தெற்கு நோக்கிச் சென்ற தீக்கோளத்தைப் பல்லாயிரவர் கண்டனர். வின்சர் அரண்மனையின் மேல்தளத்திலிருந்து திபெரியஸ் காவல்லோவும் நண்பர்களும் கண்ட காட்சி ஓவியமாகவும் தீட்டப்பெற்றது. சார்லசு பிளாக்டன் இவற்றைத் தொகுத்து 1784இல் கட்டுரையாக வெளியிட்டார். 50 மைலுக்கு மேற்பட்ட உயரத்தையும் அளவிறந்த வேகத்தையும் கணித்த அவர், காரணம் மின்னாற்றல் எனக் கருதினார்.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. வானில் தோன்றும் ஒளியைப் பற்றிப் பொதுமக்கள் தந்த செய்திகளை ஹேலியும் பிளாக்டனும் நம்பிக் கணக்கிட்டனர். நிலத்தில் விழுந்த கல்லைப் பற்றி அதே பொதுமக்கள் தந்த செய்தியை அக்கால அறிவுலகம் நம்பவில்லை.

மறுப்பின் காலம்

மறுத்தவர்களை அறியாதவர் எனத் தள்ளுதல் பொருந்தாது. இடியோடு கல் விழும் என்னும் நம்பிக்கை ஐரோப்பா முழுவதும் இருந்தது. 'இடிக்கல்' எனப் போற்றப்பெற்றவற்றுள் பல, பழங்கால மாந்தர் செய்த கற்கருவிகளே என்பதை 1723இல் அந்துவான் தெ ஜூசியே பாரீசு அறிவியல் கழகத்தில் எடுத்துக்காட்டியிருந்தார். எனவே கல் விழுந்ததென்னும் எக்கூற்றும் அப்பழைய நம்பிக்கையின் எச்சமாகவே அறிஞர்க்குத் தோன்றியது. ஒரு மூடநம்பிக்கையைச் சரியாகக் களைந்தவர்கள், அதனோடு ஓர் உண்மையையும் சேர்த்துக் களைந்தனர்.

1751 மே 26ஆம் நாள் குரோவாசியாவின் ஹ்ராஷ்சினாவில் இரு இரும்புத் துண்டுகள் விழுந்தன. சாக்ரெப் ஆயர் மன்றத்தார் எழுவரிடம் ஆணையிட்டு வாக்குமூலம் பெற்று, இலத்தீனில் எழுதி, பெருந்துண்டுடன் வியன்னாவுக்கு அனுப்பினர். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்து, 1790இல் வியன்னாவின் அரசவை இயற்பொருட் காட்சியகத்தைச் சார்ந்த ஸ்டூட்ஸ் அவ்வாவணத்தை வெளியிட்டார். இத்தகைய கதைகளை நம்புவது தம் காலத்தவர்க்கு மன்னிக்கத்தகாத பிழை என்பது அவர் முடிபு.

1768 செப்டம்பர் 13ஆம் நாள் பிரான்சின் லூசே என்னுமிடத்தில் அறுவடைக் களத்திலிருந்த உழவர் கண்முன் ஏறத்தாழ ஏழரைப் பவுண்டு எடையுள்ள கல் விழுந்தது. அறிவியல் கழகம் அமைத்த மூவர் குழுவில் இளைஞரான லவாய்சியேயும் ஒருவர். கல்லை வேதிமுறையில் பகுத்து ஆராய்ந்த குழு, அதில் கந்தகமும் இரும்பும் மண்கூறும் இருக்கக் கண்டது. நிலத்தில் முன்னரே கிடந்த கல்லின்மீது மின்னல் தாக்கியது என அது முடிவு செய்தது. பகுப்பாய்வு செப்பமானது, கண்டவர் கூற்று ஏற்கத்தகாதது என்னும் முற்கோளே முடிவைத் திசைதிருப்பியது.

1790 ஜூலை 24ஆம் நாள் இரவு பர்போத்தான் பகுதியில் கற்கள் விழுந்தபோது, ஊர் மன்றத்தார் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்டதாக ஆவணம் எழுதி அனுப்பினர். ஒரு நகர்மன்றமே பொதுமக்களின் கட்டுக்கதைக்குச் சான்று வழங்கியதே எனப் பெர்த்தோலோன் இரங்கி எழுதினார். சான்றுரைப்போர் எண்ணிக்கை பெருகியும் மதிப்புப் பெருகவில்லை.

வழக்கறிவுடன் படித்தவர்

எர்ன்ஸ்ட் கிளாட்னி ஒலியியல் ஆய்வால் புகழ்பெற்றவர். கல்வியால் சட்டம் பயின்றவர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலார் லிக்டன்பெர்குடன் நிகழ்த்திய உரையாடல் தீக்கோளங்கள்பால் அவர் கருத்தைத் திருப்பியது. அவர் அங்குள்ள நூலகத்தில் மூன்று கிழமைகள் தங்கிப் பழம்பதிவுகளைத் தேடினார். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காலங்களில், ஒருவரையொருவர் அறியாதோர் தந்த கூற்றுகளை வழக்கில் சான்றுகளை ஒப்பிடுவது போல ஒப்பிட்டார். ஒளி, இடியோசை, கல் விழுதல், கல்லின் கரிய மேற்றோல் ஆகியன ஒத்திருந்தன. எழுத்தறியா உழவர் பலர் ஒரே பொய்யைப் புனைதல் இயலாது என அவர் உணர்ந்தார்.

1794இல் அவர் வெளியிட்ட சிறுநூல், சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் அருகே கிடைத்துப் பல்லாஸ் விவரித்த ஏறத்தாழ 700 கிலோ இரும்புப் பிண்டத்தை மையமாகக் கொண்டது. அவ்வட்டாரத்துத் தாத்தாரியர் அதனை வானிலிருந்து விழுந்த புனிதப் பொருளாகப் போற்றினர் என்பதைப் பல்லாஸ் முன்பே எழுதியிருந்தார். தீக்கோளங்களின் வேகம் புவியீர்ப்பால் மட்டும் விளையக்கூடிய அளவினும் மிகுதி. எனவே அவை புவிக்கு அப்பாலிருந்து வருவன. விண்கற்கள் அவற்றின் எச்சங்கள் எனக் கிளாட்னி முடிவுரைத்தார். ஹ்ராஷ்சினா வாக்குமூலத்தையும் அவர் பயன்படுத்தினார். நகைப்பிற்குரியதென ஸ்டூட்ஸ் வெளியிட்ட ஆவணம், நான்கே ஆண்டுகளில் உண்மைக்குச் சான்றாயிற்று. ஆவணம் மாறவில்லை, படித்தமுறை மாறியது.

நூல் வெளிவந்தபின் கற்கள் அடுத்தடுத்து விழுந்தன. 1794 ஜூன் 16இல் இத்தாலியின் சியேனாவில் விழுந்தவற்றை, சற்று முன்னர் வெசூவியசு எரிமலை பொங்கியமையால் எரிமலைக் கற்கள் எனச் சிலர் கருதினர். 1795 டிசம்பர் 13இல் இங்கிலாந்தின் யார்க்சயரில் வோல்டு காட்டேஜ் என்னுமிடத்தில் 56 பவுண்டுக் கல் விழுந்தது. அருகில் எரிமலை ஏதுமில்லை. ஐயம் முற்றும் நீங்குதற்குரிய சான்று கங்கைச் சமவெளியிலிருந்து வந்தது.

காசி அருகே, 1798

1798 டிசம்பர் 19ஆம் நாள் இரவு ஏறத்தாழ எட்டு மணியளவில், காசியிலும் சுற்றுப்புறங்களிலும் பெருந்தீக்கோளம் ஒன்று தோன்றியது. இடியோசையுடன் கற்கள் விழுந்த இடம், காசியிலிருந்து 14 மைல் தொலைவில் கோமதி ஆற்றின் வடபால் உள்ள கிராக்குட் என்னும் சிற்றூர். காசியில் வாழ்ந்த ஜான் லாயிடு வில்லியம்சு இச்செய்திகளைத் திரட்டி இலண்டனுக்கு எழுதினார்.

வில்லியம்சின் அறிக்கையிலிருந்து சான்று திரண்ட முறையைப் படிப்படியாக அறிய முடிகின்றது. மாவட்ட நீதிபதி டேவிசு ஓர் ஆளை அனுப்பினார். கிடைத்த கற்களை உடைத்தும் தாசில்தார் முதலியோர்க்குக் கொடுத்தும் விட்டதாக ஊரார் கூறினர். ஆயினும் வயல்களில் மண் புதிதாகக் கிளறப்பட்ட இடங்களைப் பார்த்தால் கற்கள் கிடைக்கும் என வழியும் காட்டினர். பயிர் இரண்டு மூன்று அங்குலமே வளர்ந்திருந்த காலமாதலின் அது எளிதாயிற்று. அவர்கள் சொன்னவாறே தேடியபோது நான்கு கற்கள் கிடைத்தன. நீர் பாய்ச்சிய வயலில் அவை ஏறத்தாழ ஆறு அங்குல ஆழத்தில், ஒன்றற்கொன்று நூறு கசத் தொலைவில் புதைந்திருந்தன.

ஊரார் தம் கூற்றில் மற்றொன்றையும் மறையாது சொன்னார்கள். பேரொளியும் இடியும் கனத்த பொருள்கள் விழும் ஓசையும் கேட்டபோது, தெய்வச் செயலோ என அஞ்சி அன்றிரவு வெளியே செல்லவில்லை; மறுநாட் காலையிலேயே வயலைச் சென்று பார்த்தனர். தெய்வ அச்சத்தைக் கூறிய அதே வாய்களே மண் கிளறப்பட்ட இடங்களையும் சரியாகச் சுட்டின.

மாவட்ட வருவாய் அலுவலரின் உதவியாளர் எர்ஸ்கின் தனியே ஆளனுப்பி உசாவினார். அதே செய்தியே கிடைத்தது. உசாவும்படி பணிக்கப்பெற்ற காஜி தம் கையொப்பமும் முத்திரையும் இட்டு அதனை உறுதிப்படுத்தினார். கிராக்குட் அருகே வாழ்ந்த ஐரோப்பியர் ஒருவரின் இல்லத்துக் காவலர், தம் குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்து கெட்டித்த மண்தரையில் பல அங்குலம் புதைந்த கல்லை மறுநாட் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். உடையுமுன் அது இரண்டு பவுண்டுக்கு மேல் இருந்திருக்கும். அம்மாதம் 11ஆம் நாளிலிருந்து வானில் மேகத்தின் சுவடே இல்லை எனவும், அப்பகுதிக் கற்களுள் இவற்றை ஒத்தது ஏதும் இல்லை எனவும் வில்லியம்சு குறித்தார். மின்னல் தாக்கிய கல் என்னும் விளக்கத்திற்கோ எரிமலைக் கல் என்னும் விளக்கத்திற்கோ இங்கு இடமில்லாது போயிற்று.

இலண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்சு தூண்ட, எட்வர்டு ஹோவர்டு என்னும் வேதியியலார் காசி, சியேனா, யார்க்சயர், பொகீமியா ஆகிய நான்கிடத்துக் கற்களையும் பகுத்தாராய்ந்து 1802இல் முடிவை வெளியிட்டார். வில்லியம்சின் அறிக்கையும் அதனுள் இடம்பெற்றது. நிலவுலகின் நான்கு மூலைகளிலிருந்து வந்த கற்கள் தம்முள் ஒத்திருந்தன. அவற்றிலிருந்த இரும்புத் துகள்களில் நிக்கல் கலந்திருந்தது. வானிலிருந்து விழுந்தனவாகச் சொல்லப்பெற்ற இரும்புப் பிண்டங்களிலும் நிக்கல் இருந்தது. கற்களின் கனிம அமைப்பை ஆராய்ந்த பூர்னோன், காசிக் கல்லினுள் சிறு உருண்டை மணிகள் செறிந்திருப்பதை விவரித்தார். பின்னர்க் 'கோண்டிரூல்' எனப் பெயர் பெற்ற அம்மணிகள், கதிரவக் குடும்பம் உருவான காலத்தில், ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த் தோன்றியவை என்பது இன்றைய முடிபு.

வில்லியம்சு, டேவிசு, எர்ஸ்கின், ஹோவர்டு, பூர்னோன் என ஐரோப்பியர் பெயர்கள் அனைத்தும் பதிவில் நின்றன. கல்லைக் கொணர்ந்த காவலர், வயலைக் காட்டிய உழவர், முத்திரையிட்ட காஜி ஆகியோர் தொழிற்பெயரால் மட்டுமே நிற்கின்றனர். இதற்கு 177 ஆண்டுகள் முற்பட்ட ஜஹாங்கீரின் நூல் ஆமிலின் பெயரையும் கொல்லரின் பெயரையும் குறித்தது. எனினும் முதலிற் கண்ட ஊராரின் பெயர்களை அதுவும் குறிக்கவில்லை. பதிவு மேலே செல்லச் செல்லக் கண்டவரின் பெயர் உதிர்வது இரண்டிற்கும் பொது.

லேகில், 1803

1803 ஏப்ரல் 26ஆம் நாள் பிற்பகலில் பிரான்சின் லேகில் நகரருகே ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் விழுந்தன. அரசு அனுப்பிய இளம் இயற்பியலார் ழான் பத்தீஸ்து பியோ ஊர் ஊராகச் சென்று உசாவினார். இயற்பொருட் சான்று, மாந்தர் கூற்றாகிய சான்று என இரண்டாகப் பகுத்து அவர் அறிக்கை எழுதினார். தொழில், நிலை, இருப்பிடம் ஆகியவற்றால் வேறுபட்டோர் கூற்றுகள் ஒத்திருத்தலும், கற்கள் நீள்வட்ட நிலப்பரப்பில் பரவிக் கிடத்தலும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. விண்கல் வீழ்ச்சி குறித்த ஐயம் இவ்வறிக்கையோடு பெரும்பாலும் ஓய்ந்தது. லூசேயின் உழவர் 1768இல் சொன்னதையே லேகிலின் உழவர் 1803இல் சொன்னார்கள். இம்முறை கேட்பவர் நேரில் வந்திருந்தார்.

முடிவுரை

இதுகாறும் நோக்கியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. நிமித்தக் கருத்தும் உற்றுநோக்கலும் ஒரே பதிவில் ஒருங்கே அமைதல் இயல்பு. என்சிஸ்ஹைம் செய்யுளும் கிராக்குட் ஊரார் கூற்றும் இதற்குச் சான்று. முன்னதன் பொருட்டுப் பின்னதைத் தள்ளுதல் ஆய்வுநெறி ஆகாது.

2. ஒரு பதிவை முழுதும் ஏற்பதோ முழுதும் மறுப்பதோ பொருந்தாது. ஜலந்தர் பதிவில் எடையும் கொல்லரின் பட்டறிவும் வலியன. நிலத்தின் வெப்பம் பற்றிய செய்தி அத்தகையதன்று.

3. 18ஆம் நூற்றாண்டின் மறுப்பு, சான்று இன்மையால் எழுந்ததன்று. சொன்னவரின் சமூக நிலையும், இடிக்கல் நம்பிக்கையோடு இதனை ஒன்றாக எண்ணியமையும் அதற்குக் காரணங்கள்.

4. விண்கல் அறிவியல் நிலைபெற்றதில் வேதிப் பகுப்பாய்வுக்கும் சான்றுகளை ஒப்பிட்டுப் படித்த முறைக்கும் ஒத்த பங்குண்டு. இரண்டாவது, இலக்கிய ஆய்வாளர் நாள்தோறும் கையாளும் முறையே ஆகும்.

இம்முடிவுகள் தமிழாய்வுக்கும் உரியவை. புறநானூறு முதல் பிற்காலத் தனிப்பாடல்கள், தலபுராணங்கள், ஊர்க்கதைகள் வரை வானிகழ்வுக் குறிப்புகள் பல உள. அவை நிமித்தம், கற்பனை, மரபுத்தொடர் என்னும் பெயர்களில் எளிதாக ஒதுக்கப்பெறுகின்றன. 1857 பிப்ரவரி 28ஆம் நாள் அன்றைய மதுரை மாவட்டத்தில் பட்டப்பகலில் இரு கற்கள் விழுந்தன. அவை 'பர்னல்லி' என்னும் பெயரில் உலக விண்கல் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பெருங்கல் இலண்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. அவற்றைக் கண்ட ஊரார் என்ன பெயரிட்டனர், என்ன பாடினர், எத்தெய்வத்தோடு சேர்த்து எண்ணினர் என்பனவற்றை அவ்வட்டார வாய்மொழி வழக்குகளிலும் அக்கால எழுத்துகளிலும் தேடுதல் வேண்டும். கல்லின் வேதிக்கூறு ஆராயப்பெற்றுவிட்டது. கண்டாரின் சொல் இன்னும் ஆராயப்பெற வேண்டியதாக உள்ளது.